காத்தான் பங்கு

எந்திரம் தன் முதல் அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பலகைத் தட்டின் மேல் வைத்தபோது வைரக்கண்ணு அண்ணன் "லாபம்!" என்று கூவினார். எங்கள் பக்கத்தில் நெல்லையோ அரிசியையோ எண்ணத் தொடங்கினால் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை; லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த யெஸ்பர் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மனிதர் குளிர்ந்துபோனார். அன்று சாயங்காலத்துக்குள் அது அவருடைய ஸ்லைடில் ஏறிவிட்டது: காவிரி டெல்டாவின் சுமைத் தொழிலாளர்கள் எங்கள் ரோபோவின் முதல் மூட்டையை 'லாபம்' என்று வாழ்த்தி வரவேற்கிறார்கள். வைரக்கண்ணு அண்ணன் அதற்கு அடுத்துக் கேட்டது எந்த ஸ்லைடிலும் ஏறவில்லை.

"ஏம் பாப்பா, இது யாரு எடத்துல நிக்கிது?"

ரோபோ எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு வேகமாக அடுக்கும், கிழிந்த சாக்கைக் கேமராவில் பார்த்து எப்படி ஒதுக்கும் என்று எதைக் கேட்டிருந்தாலும் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் சம்பளம். "தூணுக்குப் பக்கத்துல நிக்கிதுண்ணே" என்று அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பீடி பிடிக்க வெளியே போனார்.

நான் பிரகதீஸ்வரி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பிறந்தவள், ரோபோ விற்கும் டேனிஷ் கம்பெனி ஒன்றின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கம்பெனி என்னை என் பொறியியல் பட்டத்துக்காக எடுத்ததா, அல்லது தஞ்சாவூர் மில் முதலாளிகளிடம் "வாங்க, சொல்லுங்க" என்று பேசத் தெரிந்ததற்காக எடுத்ததா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. டென்மார்க்கில் ரோபோ வாங்க வேண்டிய தொழிற்சாலைகள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டன. ஆகவே இந்தியா. யெஸ்பரிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நவீன அரிசி ஆலையும் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் டெல்டா அதில் அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் அவர் 'வாய்ப்பு' என்று சொல்லுவார். இரண்டு மாதம் அவரை அழைத்துக்கொண்டு மில் மில்லாக ஏறி இறங்கினேன். எல்லா முதலாளிகளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: ஆள் கிடைக்கலை. அந்த வாக்கியம் யெஸ்பருக்கு அவ்வளவு பிடித்துப்போனது, தமிழிலேயே சொல்லக் கற்றுக்கொண்டார். "ஆள் கிடெக்கலெ" என்று அவர் சொல்லும்போது மில்லில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கடைசியில் துணிந்து சரி என்றவர் குந்தவை அம்மா. திருவையாற்றுக்கு மேற்கே குடமுருட்டி ஆற்றங்கரையோரம் அவருடைய மில். அண்ணன்கள் சிங்கப்பூர் போய்விட, அப்பாவுக்குப் பிறகு தனியாளாக நடத்துகிறார். டென்மார்க் நாட்டு ஏற்றுமதி நிதி எந்திரத்தின் விலையில் பாதியை ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு மில் காட்சிப்பொருளாக இருக்க வேண்டும்: வருகிற வியாழக்கிழமை டேனிஷ் வர்த்தகக் குழு ஒன்று வரும், காங்கேயத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் மில்காரர்கள் வருவார்கள், சுமைக்காரர்கள் எந்திரத்தோடு சேர்ந்து நின்று வேலை செய்வதை வீடியோ எடுப்பார்கள். சிரித்த முகமாக, என்று யெஸ்பர் சொல்லியிருந்தார். ஆர்டர்கள் வந்தால் திருச்சியில் அலுவலகம் திறப்பார்கள், அதற்கு நான்தான் பொறுப்பு. எனக்கு அந்த அலுவலகம் வேண்டியிருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வைரக்கண்ணு அண்ணனின் கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

அந்த மில்லில் சுமைக்குப் பதினோரு பேர் கொண்ட ஒரு செட்டு. வைரக்கண்ணு அண்ணன் அதற்குத் தலைவர். தூக்குகிற சிப்பத்துக்குத்தான் கூலி, ஆனால் எவன் எத்தனை தூக்கினான் என்று அவர்கள் பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றாகச் சேரும். சனிக்கிழமை எடைமேடை நிழலில் உட்கார்ந்து சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இதில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் அடிபட்டுப் படுத்தவனுக்கு, அவன் எழுந்து வரும் வரைக்கும் அவனுடைய பங்கு வீடு தேடிப் போகும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியபோதே இருந்ததாம்.

இப்போது அந்தப் பங்கு காத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. காத்தான் பங்குனி மாதம் விழுந்தவர். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய அட்டி சரிந்து, மேலிருந்த அவர் தரையில் விழ, சிப்பங்கள் முதுகில் விழுந்தன. குந்தவை அம்மா ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் பார்த்தார், அதை மறைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பத்துப் பேர் பதினோரு பேர் வேலையைச் செய்து, பதினோரு பங்கு போட்டார்கள். எந்திரம் வந்து நின்ற இடம் காத்தான் ஏறி நின்று அடுக்கிய அதே மூலை. அது தூக்குவதற்குக் கூலி கிடையாது. செட்டுக்கு வருவது ஏறக்குறையப் பாதியாகும். பாதியில் பதினோரு பங்கு போட முடியாது. யார் பங்கு முதலில் கழியும் என்பதைச் சொல்லப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை குந்தவை அம்மாவின் அறையில் யெஸ்பர், நான், வைரக்கண்ணு அண்ணன் மூவரும் இருந்தோம். அண்ணன் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வீடியோவுக்கு வரச் சொல்லிக் கேட்டதற்கு, செட்டில் பேசி முடிவு சொல்கிறேன் என்று போனவர், அந்த முடிவோடு வந்திருந்தார்.

"நாங்க மிஷின வேண்டாங்கலம்மா. வரட்டும். எங்க செட்டுல சேரட்டும். காத்தான் எடம் காலியாத்தான கெடக்கு, அதுல நிக்கட்டும். அது தூக்குறதயும் எங்க கணக்குல சேத்துக்குங்க. பங்கு காத்தான் வூட்டுக்குப் போவும்."

குந்தவை அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கே கத. பேங்குக்குத் தவணை நான் கட்டுறேன், கரண்டு பில்லு நான் கட்டுறேன், மிஷினுக்குக் கூலியும் நானே குடுக்கணுமா?"

"மிஷினுக்கு இல்லம்மா. எடத்துக்கு."

"எடம் என்னுது வைரக்கண்ணு. மில்லு என்னுது."

"மில்லு ஒங்களுதுதான். காத்தான் வுழுந்த எடம் காத்தானுது."

சிரிப்பு போய்விட்டது. மேஜை மேலிருந்த சாவிக்கொத்தைக் குந்தவை அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். "இன்னொருத்தன் அப்புடி வுழக் கூடாதுன்னுதான இத வாங்குறேன்? அன்னைக்கி அவன வண்டியில ஏத்துனப்ப அவன் கத்துன கத்து இன்னும் என் காதுல இருக்கு. அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதா?"

"புரியாமயாம்மா மிஷின் வரட்டும்னு சொல்றோம்?"

"வியாழக்கெழம முடியட்டும். பேசிக்கலாம்."

"முடிஞ்சப்பறம் பேச என்ன இருக்கு?" என்றார் அண்ணன். கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கும்பிடு எனக்கு நல்லதாகப் படவில்லை.

யெஸ்பர் என்ன பேச்சு என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டார், இடையில் இரண்டு சந்தேகமும் கேட்டார். மிகவும் சுவாரஸ்யமான வழக்கம் என்றார். பிறகு, இது உள்ளூர்த் தொழிலாளர் விவகாரம், சாதனம் விற்கிறவர்கள் என்ற முறையில் நாம் கருத்துச் சொல்வது சரியாக இருக்காது என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்தான் அதற்கும். எனக்கு முதல்முறையாக அவர் மேல் எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வைரக்கண்ணு அண்ணன் என்னைக் காத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார். "நான் சொன்னா நம்பமாட்டான். மிஷினக் கொண்டாந்தவ நீதான, நீ வந்து சொல்லு" என்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாலம் தாண்டி, குறுவை அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு தெரு, அதில் கடைசி வீடு. மனைவி திருவையாற்றில் தையல் கடைக்குப் போயிருந்தார். காத்தான் கூடத்தில் பலகை மேல் படுத்திருந்தார். கைகள் இன்னும் பழைய கைகள்தான், அவை மட்டும் வேறொருவருடையவை போலப் பருத்து இருபுறமும் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் பக்கவாட்டில் புரண்டு, பலகையைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

அண்ணன் உற்சாகமாக விஷயத்தைச் சொன்னார். செட்டுப் பையன்கள் இப்போதே எந்திரத்தைக் காத்தான் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னவர் காத்தான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எம் பேர எதுக்கு அதுக்கு வைக்கிறீங்க? நான் செத்தா போயிட்டேன்?"

"அட, வெளையாட்டுக்குடா."

"பங்கக் கேளு. பேரக் குடுக்காத."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அது வுழுந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"தரையோட போல்ட்டு போட்டு இறுக்கியிருக்குண்ணே, விழாது."

"சரி, வுழல. கெட்டுப்போச்சு. கை மடங்கமாட்டேங்குது. அப்ப?"

"கம்பெனிலேருந்து ஆள் வந்து சரி பண்ணுவாங்க. வாரண்டி இருக்கு. ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருசம் அது தூக்கலன்னாலும் நீங்க பாத்துக்குவீங்க."

"ஆமாண்ணே."

அவர் வைரக்கண்ணு அண்ணனைப் பார்த்தார். "கேட்டியா? அதுக்கு ரெண்டு வருசமாம். நான் வுழுந்து இன்னும் தீவாளி வரல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வாரண்டிக்கு ஆங்கிலத்தில் இருந்த ஷரத்துகளை எல்லாம் தமிழில் அழகாக எழுதியவள் நான். தேய்மானம், எதிர்பாராத மோதல், உழைப்பினால் ஏற்படும் பழுது என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேடி எழுதியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, வலி முகத்தில் தெரியாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மூலையிலிருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

"அது கிட்டக்க ஆளு போனா அடிச்சிடாதா?" என்று காத்தான் கேட்டார்.

அதற்கு மட்டும் எனக்குப் பெருமையாகப் பதில் சொல்ல இருந்தது. எந்திரத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கணுக்கால் உயரத்தில் ஒரு லேசர் கண் இருக்கிறது. கோட்டுக்குள் ஒரு கால் வந்தால் போதும், கை இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். கால் வெளியே போனால் தானாக ஓடத் தொடங்கும். எங்கள் ரோபோவுக்கு உலகம் முழுக்க இருக்கும் நல்ல பெயரே இதனால்தான், அந்தக் கோட்டை அளந்து வைத்தவள் நான்தான் என்றேன்.

"பரவால்லையே" என்றார் காத்தான். "வியாழக்கெழம எத்தன மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?"

சொன்னேன்.

வியாழக்கிழமை புரட்டாசி வெயில் காலையிலேயே சுட்டது. மில் முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு நாட்டுக் கொடிகளும் கைகுலுக்கும் படமும் போட்ட பேனர். பொங்கலும் வடையும் முடிந்து எல்லோரும் உள்ளே எந்திரத்துக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். நெல் வேகவைக்கும் புளித்த வாடைக்கு வர்த்தகக் குழுவில் ஒரு பெண்மணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். செட்டுக்கு என்று கம்பெனி நீல நிறத்தில் பனியன்கள் கொடுத்திருந்தது, நெஞ்சில் கம்பெனி பெயர் போட்டது. பத்துப் பேரும் அதை அணியவில்லை. சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து அதன் மேல் சிப்பம் சுமந்துகொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் என்னிடம் வந்து முறையிட்டார். லோகோ தெரிகிறதல்லவா, எடுங்கள் என்றேன்.

யெஸ்பர் மைக்கில் பேசப் பேச நான் இன்னொரு மைக்கில் தமிழில் சொன்னேன். எந்திரம் நன்றாகவே வேலை செய்தது. அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஓடும் ரப்பர் பட்டையில் வரும் சிப்பத்தை மேலிருந்து பார்த்து, பிடித்து, திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாக அது அடுக்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காங்கேயம் மில்காரர் என் காதருகே வந்து, "ஆளுங்க சைடுல பிரச்சன ஏதும் இல்லீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

காத்தான் இறங்கினார். வெள்ளைச் சட்டை, அதன் மேல் இடுப்பு பெல்ட், கையில் கம்பு. ஆட்டோவிலிருந்து எந்திரம் வரைக்கும் நடக்க அவருக்கு நேரம் எடுத்தது. யாரோ முக்கியமானவர் என்று நினைத்துச் சிலர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். செட்டு ஆட்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டினார், பலகைத் தட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

எந்திரத்தின் கை சிப்பத்தோடு அந்தரத்தில் நின்றது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது முதலில் புரியவே இல்லை. எல்லோரும், வர்த்தகக் குழு, ஆரணிக்காரர்கள், மூக்கைப் பொத்தியிருந்த பெண்மணி, எல்லோரும் கைதட்டினார்கள். பாதுகாப்பைக் காட்டுவதற்காக நாங்கள் ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்துவிட்டார்கள். யெஸ்பரும் அப்படியே நினைத்தார். நான்தான் சொல்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். உடல்நலம் குன்றிய மனிதர் ஒருவர் தடுமாறி உள்ளே வந்துவிட்டாலும் எங்கள் ரோபோ அவரை மதிக்கிறது என்று மைக்கில் சொன்னார். மொழிபெயர்த்தேன். இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று காங்கேயத்துக்காரர் போட்டோ எடுத்தார். யெஸ்பர் காத்தானுக்கு நன்றி சொல்லி, வெளியே வருமாறு கையைக் காட்டினார்.

காத்தான் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்தது. சிரிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. யெஸ்பர் என்னிடம் மெதுவாக, அவரை வரச் சொல்லுங்கள் என்றார். கோட்டருகே போனேன். "அண்ணே, வெளிய வரச் சொல்றாங்க."

"எங்க வர்றது? இதான எம் எடம்."

மைக் என் கையில்தான் இருந்தது. மொழிபெயர்ப்பது என் வேலை. அதை ஆங்கிலத்தில் சொன்னேன். காத்தான் தலையை ஆட்டினார். "நல்லா சொல்லு பாப்பா. நான்தான் காத்தான். இஞ்ச நின்னு அடுக்குனவன் நான்தான், இஞ்சதான் வுழுந்தேன். சண்டைக்கி வரல. மிஷின் ஓடட்டும். எம் பங்க ஒத்துக்கிட்டு ஓட்டச் சொல்லு." அதையும் சொன்னேன். பங்கு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்காது என்பதால், செட்டு, சனிக்கிழமை, படுத்தவன் பங்கு, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

குந்தவை அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "காத்தான், நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத. எந்திரி. நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றார்.

"எந்திரிக்கத்தான் முடியலம்மா" என்றார் காத்தான்.

பின்னால் வைரக்கண்ணு அண்ணன் சிரித்தார். செட்டில் மற்றவர்களும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது. குந்தவை அம்மா எந்திரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

யெஸ்பர் என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். அவர் கோபப்படவில்லை, ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எந்திரத்தை இயக்க நான் கூடவே வைத்திருந்த டேப்லெட்டைக் காட்டினார். இந்தப் பக்கத்து எல்லையை மட்டும் சற்று உள்ளே இழுத்துவிடலாம். கை எதிர்ப் பக்கம்தான் சுற்றும், அவருக்கு ஒன்றும் ஆகாது. சில நிமிடங்களுக்கு மட்டும். என் கடவுச்சொல் போதும். பிறகு அன்பாகவே, திருச்சி அலுவலகத்தை இன்று மாலை முடிவு செய்கிறார்கள் பிரகா, என்றார்.

டேப்லெட்டைப் பார்த்தேன். நடுவில் எந்திரம், சுற்றிலும் கோடு, கோட்டுக்குள் சின்ன மஞ்சள் புள்ளி. அதுதான் காத்தான். ஒரு விரலால் கோட்டைப் பிடித்துப் புள்ளிக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. காத்தான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், எந்திரத்துக்கு மட்டும் அப்படி ஓர் ஆள் இருக்கமாட்டார். சிப்பம் அவர் தலைக்குப் பக்கத்தில் போய் வந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் மறுபடி கைதட்டுவார்கள். அவ்வளவு சுலபமான வேலை.

"முடியாது" என்றேன்.

ஏன் என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"அங்கே ஆள் இருக்கிறார்."

யெஸ்பர் கையை நீட்டினார். சரி, கொடுங்கள், என் கடவுச்சொல்லில் நானே செய்கிறேன் என்றார். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் கேமராவை நிறுத்தவில்லை. நான் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டேப்லெட்டை இனி யார் என் கையிலிருந்து பிடுங்க வந்தாலும் அவர்களும் மஞ்சள் கோட்டைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பது காத்தானை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நானே அளந்து, நானே நாடா பிடித்து, பையனை வைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்ன கோடு. அதைத் தாண்டிப் போய்க் காத்தான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரை சுட்டது.

"கொஞ்சம் இஞ்ச தள்ளி வா பாப்பா. மேல மூட்ட தொங்குது" என்ற காத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, தானும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

நகர்ந்து உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்தேன். திரையில் மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்திருந்தது. பின்னாலிருந்து யாரோ ஆங்கிலத்தில் மணி கேட்டார்கள். யெஸ்பர் குந்தவை அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல், கைகளால். அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி கோட்டுக்கு நேராக வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். பேசுவாரா, திட்டுவாரா, திரும்பிப் போவாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. செருப்பின் முனை மஞ்சள் பெயிண்டின் மேல் இருந்தது. அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். திரையில், எங்கள் இரண்டு புள்ளிகளுக்கு எதிரே, சரியாகக் கோட்டின் மேல், மூன்றாவதாக ஒன்று தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது.